எந்த நாளுக்குத் திருப்புவது

துருவைச் சுரண்டத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. பானட்டின் மேல் எமரித் தாளைத் தேய்க்கத் தேய்க்க, வெயிலில் வெளுத்துச் செம்மண் நிறமாகிவிட்ட மேல்பூச்சுக்கு அடியில் இன்னொரு சிவப்பு வருகிறது. அதற்கும் அடியில் காவி நிறத்தில் பிரைமர். அதன் கீழே, மடிப்புகளிலும் போல்ட் தலைகளின் மறைவிலும் மட்டும், கம்பெனியில் அடித்த முதல் சிவப்பு இன்னும் ஆழ்ந்து பளபளப்பு போகாமல் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். கை எந்த அடுக்கில் நிற்கிறதோ அந்தக் காலத்தைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். மற்றவை தூளாகித் தரையில் விழுகின்றன. “ஷோரூம் கண்டிஷனுக்குக் கொண்டுவரணுமா சார், ரன்னிங் கண்டிஷன் போதுமா?” என்று மெக்கானிக் கேட்டது வேலையின் அளவையும் செலவையும் கணக்குப் போடுவதற்காக. எனக்கு அந்தக் கேள்வி அத்தோடு முடியவில்லை. ஷோரூமில் நின்ற அன்று அந்த வண்டி ஒரு சால்கூட உழுதிருக்கவில்லை. எங்கள் ஊர்க் களிமண் அதன் டயரைத் தொட்டிருக்கவில்லை. அந்த நிலைக்கு அதைக் கொண்டுபோனால், அது எங்களிடம் வருவதற்கு முந்திய நாளுக்கு அல்லவா கொண்டுபோகிறோம்? சரி, ஓடும் நிலை என்று வைத்துக்கொண்டால், ஓடிய நாட்களில் எந்த நாள்? புதிதாக வந்து சந்தனம் குங்குமம் வைத்த நாளா, ஒரு பக்க மட்கார்டு நசுங்கிய பிறகா, கடைசியாக நின்றுபோவதற்கு முந்திய பட்டமா? எளிதாகப் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்தப் பதிலுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல் இருக்கிறது.

வண்டி மாஸி பெர்குசன் 1035. சென்னை செம்பியத்தில் டாஃபே செய்தது, மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். அது நெடுங்காலம் நின்றது உழவுமாடுகள் கட்டிய கொட்டகையில். மாட்டின் குளம்புகள் குழித்த தரைப் பள்ளத்தில் எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டிக் கறுத்து இறுகியிருக்கிறது. உள்ளே நுழைந்தால் பழைய சாணமும் பழைய டீசலும் பிரித்தறிய முடியாமல் ஒரே வாசனையாக வரும். ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியதுதான் முதலில் என்னை நிறுத்தியது. எஞ்சின் இழுக்கும் காற்று கிண்ணத்து எண்ணெயில் மோதித் திரும்பிக் கம்பிவலை வழியாக மேலே ஏறும். தூசு எண்ணெயில் தங்கிவிடும். அவ்வளவு எளிய ஏற்பாடு. கிண்ணத்தின் அடியில் கரிய களிம்பாகக் கெட்டித்திருந்ததை ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்துச் சிமென்ட் தரையில் தட்டினேன். உமித்தூள், வைக்கோல் துணுக்கு, நெல்லின் சுணை, ஏதோ பூச்சியின் நைந்த சிறகு. களத்தில் வட்டம் சுற்றிப் போரடித்த இரவுகள் முழுதும் அங்கே படிந்திருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றியதும் எல்லாம் கலங்கிக் கரைந்தது. கரைக்காமல் விட்டால் வண்டி மூச்சுவிட முடியாது. ஹெட்டைக் கழற்றிய அன்றும் அப்படித்தான். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தை லைனரின் உட்சுவரில் மேல்நோக்கி இழுத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் இடறியது. பிஸ்டனின் மேல் ரிங் போய்த் திரும்பும் இடம் அது. ரிங் உரசிய வரைக்கும் சுவர் தேய்ந்திருக்க, அதற்கு மேலே ரிங் எட்டாத பழைய சுவர் வரப்புக் கட்டி நிற்கிறது. மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. செய்த வேலையின் அளவு இந்தப் படியில்தான் இருக்கிறது. “புது லைனர், புது பிஸ்டன், வேற வழியில்ல சார்” என்றார். அது சரிதான். அந்தப் படியைக் காப்பாற்றிக்கொண்டு அந்த எஞ்சினை ஓட்ட முடியாது. உயிர்ப்பிக்க வேண்டுமானால் சில சாட்சியங்களை அழித்தே ஆகவேண்டும் என்பது இந்த வேலையில் முதலில் வந்து முகத்தில் அறையும் உண்மை.

எஞ்சினுக்கு உள்ளே இப்படித் தயக்கத்துக்கு இடமில்லாமல் முடிவுகள் தாமாகவே வந்துவிடுகின்றன. தயக்கமெல்லாம் வெளியில், கையும் காலும் பட்ட இடங்களில். இருக்கைக்கு வலப்பக்கம், ஹைட்ராலிக் லீவர்கள் இரண்டும் நகரும் வில்வடிவத் தகடு ஒன்று உண்டு. அதில் அப்பியிருந்த கிரீசையும் மண்ணையும் துணியால் வழித்தபோது, விளிம்பில் அரத்தால் ராவிய மூன்று கீறல்கள் தெரிந்தன. ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், மூன்றாவது சற்றே சாய்வு. கம்பெனி போட்ட குறிகள் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவை எதற்கு என்று நினைத்துப் பார்க்கும்போது அந்த ஹைட்ராலிக்கை உண்டாக்கிய மனிதரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கலப்பையை வண்டிக்குப் பின்னால் தனியாக இழுத்துக்கொண்டு போகாமல், மூன்று புள்ளிகளில் வண்டியோடு ஒரே உடம்பாகப் பிணைக்கலாம் என்பது அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனின் யோசனை. கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கும். மேலே இருக்கும் டாப் லிங்க் தள்ளுவிசையைத் தாங்கும். கலப்பை மண்ணில் கூடுதலாக இறங்கினால் டாப் லிங்க் முன்னோக்கி அழுத்தும். அதன் முனையில் உள்ள கனத்த ஸ்பிரிங் அமுங்கும். அந்த அமுக்கம், பின்பகுதியில் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் பம்பின் வால்வை அசைத்துக் கலப்பையை மயிரிழை தூக்கும். இறுக்கம் குறைந்தால் மறுபடி இறக்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் விழுவதால் எடை குறைந்த வண்டியே அழுத்தமான உழவை உழுதது. 1920களில் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டைப் படம் போட்டுப் பார்க்கும்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை: மண்ணின் கடினத்தை இரும்பு தானே உணர்ந்து தானே விட்டுக்கொடுக்கிறது. ஆனாலும் யாரோ ஒருவர் அரத்தை எடுத்து அந்தத் தகட்டில் மூன்று கீறல் போட வேண்டியிருந்திருக்கிறது. இரும்புக்குத் தெரியாத ஏதோ ஒன்று எங்கள் வயலில் இருந்திருக்கிறது.

பெர்குசன் தன் யோசனையைச் சும்மா விட்டுவிடவில்லை. 1938இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் கைகுலுக்கியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், காகிதம் இல்லை. அடுத்த ஆண்டே ஃபோர்டு ஆலையிலிருந்து அந்த ஹைட்ராலிக்கோடு டிராக்டர்கள் வெளிவந்தன. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்தபின் அந்தக் கைகுலுக்கல் செல்லாது என்றாயிற்று. அதே அமைப்போடு வண்டிகள் மட்டும் தொடர்ந்து வந்தன. பெர்குசன் வழக்குப் போட்டார். 1952இல் 92.5 லட்சம் டாலருக்கு அது தீர்ந்தது. மறுஆண்டு கனடாவின் மாஸி-ஹாரிஸோடு இணைந்த பிறகும் அவர் பெயர் வண்டியின் நெற்றியிலேயே நின்றது. எங்கள் கொட்டகைக்குள்ளும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது அப்படித்தான். ஒருவன் கண்டுபிடித்ததற்கு அவன் பெயரும் கூலியும் சேரவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடிவாதத்தை மனதில் வைத்துக்கொண்டு தாத்தாவின் கணக்கு நோட்டுகளைப் புரட்டினால் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. டீசல் அரை லிட்டர் பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஆயில், கிரீஸ், பம்பு வேலைக்காகக் கும்பகோணம் போய்வந்த பஸ் சார்ஜ். அதன் கீழே, பக்கத்துக்குப் பக்கம், ‘டிரைவர் கூலி’ என்று இத்தனை மரக்கால் நெல், இத்தனை ரூபாய். டிரைவர் என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. அதற்கு முந்தைய நோட்டுகளில் மாடு வாங்கிய கணக்கில் மயிலை, செவலை என்று மாடுகளுக்காவது அடையாளம் இருக்கிறது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் பெயருக்கு ஓர் இடம் உண்டு. அந்த வண்டியை அதன் ஆயுள் முழுதும் ஓட்டியவர் பெயருக்கு எந்தப் புத்தகத்திலும் இடம் இல்லை. குடும்ப டிராக்டர் என்று நாங்கள் சொல்கிறோம். குடும்பத்தில் யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது.

வண்டியை ஓட்டியவரின் அப்பா எங்கள் வீட்டுப் பண்ணையாள். ஓட்டியவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரும்பு இருக்கையில், மடித்துப் போட்ட சாக்கின்மேல், பகல் முழுதும் உட்கார்ந்திருந்தார். தாத்தா வரப்பில் நின்று அண்ணாந்துதான் அவரிடம் பேச வேண்டியிருந்தது. மட்கார்டில் தொற்றிக்கொண்டு போன எங்களை அவர் அதட்டுவார்: “கைய உள்ள வையி.” நாங்கள் வைப்போம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அவர் அந்தக் குரலில் பேசக்கூடிய இடம் ஊரிலேயே அது ஒன்றுதான். கீழே இறங்கியதும் தோளில் கிடந்த துண்டு மறுபடி கக்கத்துக்குப் போய்விடும். அந்த இருக்கைக்கும் தரைக்கும் நடுவில் இருந்த தூரத்தை நான் இப்போது அளந்து பார்க்கிறேன். ஒரு கால் வைத்து ஏறும் தூரம்தான். தாத்தா வண்டி வாங்கியது எதற்கு என்ற கேள்வியும் இங்கேதான் வந்து முட்டுகிறது. வீட்டில் சொல்லும் கதையில் அது முன்னேற்றம்: 1960இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்த பேக்கேஜ் திட்டம், ஆடுதுறை 27 நெல், குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நாளுக்குள் சேடை ஓட்டி முடிக்கவேண்டிய அவசரம். அதெல்லாம் உண்மை. அதே மண்ணில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட சனங்களில் 44 பேர் கீழவெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்டதும் உண்மை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் வாசலுக்கு வண்டி வந்தபோது, “இனிமே எந்த ஏர்க்காரன் தயவும் வேண்டாம்” என்று தாத்தா சொன்னதாகப் பாட்டி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எத்தனை ஏர்கள் அத்தோடு நின்றன என்பது நோட்டில் இல்லை. அப்படியானால், சிவப்பு மினுங்க நான் மீட்டெடுக்கப் போவது யாருடைய பொற்காலம்?

இந்த யோசனை வந்ததும் எமரித் தாளைக் கீழே போட்டேன். பெயிண்ட் வேண்டாம், எஞ்சினையும் ஹைட்ராலிக்கையும் மட்டும் சரிசெய்து, மேலே அவர் கை பட்ட தேய்மானத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. வெறுங்காலால் மிதித்து மிதித்து வரிகள் மழுங்கி, ஒரு ஓரம் வெள்ளியாய்ப் பளபளக்கும் கிளட்ச் பெடல். நிறம் போய்க் கறுத்து வழவழவென்றான ஸ்டீயரிங். கீழ் லிங்க் ஒன்றின் நடுவில், விரற்கடை தடிமனுக்கு உருண்டு திரண்டிருக்கும் வெல்டிங். அதைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் கையெழுத்தைத் தடவுவதுபோல இருந்தது. ஆனால் இதிலும் சந்தேகம் விடவில்லை. துருவை அழகு என்று பார்க்க யாரால் முடிகிறது? துருப்பிடித்த லிங்க் நடு வயலில் முறிந்தால் கூலி போகும் என்ற கவலை இல்லாதவரால். தேய்ந்த பெடல் மழையில் வழுக்கும் என்று தெரியாத காலால். அவருடைய உழைப்பின் தழும்பை எங்கள் கொட்டகையில் நான் காட்சிக்கு வைத்தால், அந்த உழைப்பு இன்னொரு முறை எங்கள் சொத்தாகிறது. பெயிண்ட் அடித்தால் அவரை மறைக்கிறேன். அடிக்காவிட்டால் அவரை வைத்து எனக்கு நானே நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறேன். இரண்டில் எது மேல் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் தெரியப்போவதில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கும்போது நான் இரும்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல், நடை உறுதி. நாற்காலி போட்டிருந்தும் உட்காராமல் நேரே வண்டியிடம் போனார். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, துருத்தூளைப் பார்த்து, பேண்டில் துடைத்துக்கொண்டார். “ஏன் தம்பி இப்புடி வுட்டு வச்சிருக்கீங்க? பெயிண்ட் அடிக்கலையா?” பழையது தெரிய வேண்டும் என்று விட்டிருப்பதாகச் சொன்னேன். “நான் ஓட்டுனப்ப இது பழசு இல்லியே” என்றார். “ஆயுத பூசைக்கு மொத நாளு மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு, ஆயில் துணியால ஒரு இழு இழுத்தா மொகம் தெரியும். மாட்டுப் பொங்கலுக்கு மால போடுறப்ப ஊரே வந்து நிக்கும்.” பிறகு குனிந்து கீழ் லிங்கைத் தடவினார். வெல்டிங்கில் விரல் பட்டதும் முகம் சுருங்கியது. “இத மொதல்ல மாத்துங்க. நடவு நேரத்துல அவசரத்துக்கு வச்சது. பாக்குறவன் என்ன வேலடா இதுன்னு கேப்பான்.” பெடலைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மேலே நாலு வரி வெல்டு வைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் வழுக்கும். கையெழுத்து என்று நான் நினைத்திருந்தவை ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன. அப்புறம் வலப்பக்கம் வந்தார். பார்க்கக்கூட இல்லை; கட்டைவிரலைத் தகட்டின் விளிம்பில் ஓட்டி, முதல் கீறலில் நிறுத்தினார். “இது புழுதி ஓட்டுறதுக்கு, கோட மழைக்கு அப்பறம்.” மேலோட்டமானது சேடைக்கு. சாய்ந்த கீறலில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. “இது உங்க வாய்க்காங்கர வயலுக்கு. கெழக்குக் கோடியில அடியில மணல் ஓடுது. அங்க திரும்புனதும் லீவர இதுக்குத் தூக்கிடணும். ஆழமா வுட்டா அடிமண்ணு ஒடஞ்சு தண்ணி நிக்காது.” பிறகு, அதுவரை எதற்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: “இதும் மேல மட்டும் பெயிண்ட் ஏறாம பாத்துக்குங்க.”

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் அந்த வயலின் பத்திரம் இருக்கிறது. நான்கெல்லை இருக்கிறது, பரப்பு இருக்கிறது, வாய்க்கால் பாசன உரிமை இருக்கிறது. கிழக்குக் கோடியில் மணல் ஓடுவது அதில் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தைச் சொந்தம் என்று சொன்ன எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. கடனில் வாங்கிய வண்டி, வேறொரு கண்டத்துக்காரர் கண்டுபிடித்த ஹைட்ராலிக், இரண்டுக்கும் மேல் அந்த வயல் தண்ணீரைப் பிடித்து நிறுத்தியது ஒரு அரக்கீறலால். அவர் போன பிறகு வண்டியின் மேல் இருக்கும் ஒவ்வொரு தடத்தையும் வேறு கண்ணோடு பார்க்கிறேன். உடம்பு தேய்த்த தேய்மானம் ஒரு வகை. அது யாரும் கேட்காமல் விழுந்தது, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. முறிவும் ஒட்டுப்போட்டதும் இன்னொரு வகை. அவை நெருக்கடியின் தடயங்கள், செய்தவருக்கே அவற்றில் கூச்சம். மூன்றாவது, தெரிந்தே வைத்த குறி. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிப் பழசு. எது எது என்று பிரிக்க எந்தப் பட்டறையிலும் கருவி இல்லை. அவரைக் கேட்டிருக்காவிட்டால் வெல்டிங்கைப் போற்றிப் பாதுகாத்து, கீறல்களின் மேல் சிவப்பு அடித்திருக்கவும் கூடும். பழைய வண்டிகளை அழகாக மீட்டெடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உதிரிபாகத்துக்காகச் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள், கம்பெனி போட்ட அதே ஸ்டிக்கர் கிடைக்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள். அந்தப் பொறுமை எனக்கு மதிப்புக்குரியது. அதில் கொஞ்சத்தையாவது, அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் வீட்டு வாசலில் போய் உட்காருவதற்குச் செலவிட வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் எல்லோருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வண்டிக்குச் சிவப்பு அடிக்கப்போகிறோம். லிங்க் புதிதாக வரும். தகடு அப்படியே இருக்கும். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க முடியவில்லை. அவர் துண்டைக் கக்கத்தில் வைக்க வேண்டியிருந்த அந்த ஊரை எந்தப் பிரைமரும் மூடாது, எந்த எமரித் தாளும் சுரண்டாது. பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், காரணம் சொல்லவில்லை. தாத்தாவின் நோட்டிலும் அவர் பெயர் இல்லை, இந்தக் கட்டுரையிலும் இல்லை. அங்கே கேட்கத் தோன்றவே இல்லை, இங்கே கேட்டு அவர் மறுத்தார் என்பது எனக்குத் தெரியும். வாசிப்பவருக்கு இரண்டு வெற்றிடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அது உறுத்திக்கொண்டே இருக்கட்டும். வாய்க்கால்கரை வயலை இப்போது மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வரும் வண்டிகள் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டுகின்றன. ஓட்ட வரும் பையன்களுக்குக் கிழக்குக் கோடி தெரியாது. சில வருடங்களாக அங்கே தண்ணீர் நிற்பதில்லை என்று குத்தகைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் வந்து வயல் வயலாக நடந்து, எங்கே அழுத்தணும் எங்கே தூக்கணும் என்று சொல்லித்தர முடியுமா என்று அவரைக் கேட்டேன். “சொல்றேன் தம்பி” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா அதுவும் வேலதான். கூலி பேசிக்கணும்” என்றார். பெர்குசன் நீதிமன்றம் ஏறிக் கேட்டதை அவர் எங்கள் கொட்டகையில் நின்று கேட்டார். என்ன கூலி என்பதை அவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.